வெள்ளியும் பொன்னும்: கைவினையாற் செய்யும் கிறிஸ்துமஸ் அணிகள்



நம் தமிழில் 'வெள்ளி' என்னும் ஒரு சொல் எத்தனை பொருளுக்கு நின்று உழைக்கின்றது என்பதை நீங்கள் எண்ணிப் பார்த்ததுண்டா? அம்மாவின் காற்கொலுசு வெள்ளி. விடியுமுன் கீழ்வானில் தோன்றும் கோள் வெள்ளி. வானத்து விண்மீனைப் பொதுவாகவும் நம் முன்னோர் வெள்ளி என்றே வழங்கினர். வாரத்தில் ஒரு நாளும் வெள்ளி. வெண்மை என்னும் ஒரே அடியிலிருந்து உலோகமும் ஒளியும் பெயர் பெற்றன. ஆகவே கிறிஸ்துமஸ் காலத்தில் மின்னும் தாளால் ஒரு விண்மீன் செய்து வாயிலில் தொங்கவிடும்போது, வெள்ளியால் வெள்ளி செய்கின்றோம் என்று தமிழில் சொல்ல முடியும். இவ்வாண்டு மலரில் உங்களுக்கு ஒரு கைவினைப் பாடம் எழுதுக எனப் பணித்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது இச்சொல்லே.

நம் ஞாயிறு வகுப்பில் கிறிஸ்தவப் பிள்ளைகளும் உளர். இந்து, இசுலாமியப் பிள்ளைகளும் உளர். 'எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் இல்லையே, எனக்கெதற்கு இப்பாடம்?' என்று கேட்போருக்கு என் வீட்டுக் கதையையே விடையாகச் சொல்கின்றேன். எங்களுடையது சைவக் குடும்பம். ஆயினும் ஒவ்வொரு திசம்பரிலும் எங்கள் மாடி முகப்பில் ஒரு விண்மீன் தொங்கும். அது எங்களுக்கு வந்த வரலாறு இது.

யான் சிறுவனாயிருந்தபோது எங்கள் அடுத்த வீட்டில் ஒரு தச்சர் குடியிருந்தார். கத்தோலிக்கர். அவரை நாங்கள் மாமா என்று அழைப்போம். திசம்பர் பிறந்ததும் மூங்கிற் சிம்புகளைச் சீவி, சணல் நூலால் கட்டி, வண்ணத்தாள் ஒட்டி, தேயிலைப் பொட்டலத்தினுள்ளும் சிகரெட்டுப் பெட்டியினுள்ளும் இருக்கும் வெள்ளித்தாளைச் சேர்த்துவைத்து, அதைக் கத்தரித்து ஓரங்களில் ஒட்டுவார். 1964ஆம் ஆண்டில் கடைகள் யாவும் அரசுடைமை ஆக்கப்பட்டன. அக்காலத்தில் இலட்சக்கணக்கான இந்தியர் இந்நாட்டை விட்டுக் கப்பலேறினர். மாமாவின் குடும்பமும் சென்னைக்குப் புறப்பட்டது. பணமும் நகையும் எடுத்துச் செல்லக் கடுந்தடை இருந்தது. மாமியின் கழுத்திலிருந்த பொன் அவருடன் போகவில்லை. விண்மீனையோ மாமா தாமாகவே கொண்டு போகவில்லை. 'பெட்டியில் வைத்தால் நசுங்கிப் போகும், நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்' என்று என் தந்தையாரிடம் கொடுத்தார்.

மூங்கிலை வண்டு துளைக்கும். ஓராண்டு ஒரு சிம்பு உளுத்துப் போகும், மறு ஆண்டு இன்னொன்று. தாள் ஆண்டுதோறும் கிழியும். இப்படி மாற்றி மாற்றி, இன்று எங்கள் வீட்டிலுள்ள விண்மீனில் மாமா கட்டிய சிம்பு ஒன்றுகூட இல்லை. அவர் சொல்லிக் கொடுத்த அளவு மட்டும் அப்படியே இருக்கின்றது. அந்த அளவைத்தான் உங்களிடம் ஒப்படைக்க விரும்புகின்றேன்.

விண்மீன் கட்டும் முறை

தேவையானவை பத்து மூங்கிற் சிம்புகள். ஒவ்வொன்றும் 19 அங்குல நீளம், சுண்டுவிரல் நகத்தின் பாதியளவு அகலம் இருக்கட்டும். மூங்கிலைப் பிளக்குமுன் பத்துப் பதினைந்து நாள் நீரில் ஊறப்போட்டு, பின் நிழலில் உலர்த்துவது நல்லது. மூங்கிலில் உள்ள மாச்சத்து நீரில் கரைந்து போவதால் வண்டு அதிகம் நாடாது. இதைச் செய்ய மறந்தவர்களே ஆண்டுதோறும் சிம்பு மாற்றுவர். யானும் அவர்களுள் ஒருவன்.

இரு முனைகளிலும் முடிச்சுக்கென அரை அங்குலம் விட்டுவிடுங்கள். எஞ்சுவது 18 அங்குலம். அதில் இரு பக்கத்திலிருந்தும், ஏழுக்கு அரைக்கால் குறைவான இடத்தில் கோடிடுங்கள். நடுவே நாலேகால் அங்குலம் நிற்கும். அரைக்கால் என்றால் எட்டில் ஒரு பங்கு. இன்றைய பிள்ளைகள் இச்சொல்லைக் கேட்டிருக்க மாட்டீர்கள். தச்சரும் கொத்தரும் தம் அளவுகளை இவ்வாறே சொல்லி வந்தனர். 'ஏழுக்கு அரைக்கால் குறை, நடுவிலே நாலேகால்' என்று மாமா பாட்டுப்போல் சொல்லிக்கொண்டே கோடு போடுவார். கூட்டிப் பாருங்கள்: இரு பக்கமும் சேர்ந்து பதின்மூன்றே முக்கால், நடுவில் நாலேகால், மொத்தம் 18.

இவ்வளவு எங்கிருந்து வந்தது? ஐந்து முனை விண்மீனில் ஒரு கோட்டை மற்ற இரு கோடுகள் வெட்டும் இடங்கள் எப்போதும் ஒரே விகிதத்தில் அமையும். பக்கத் துண்டை நடுத்துண்டால் வகுத்தால் ஏறத்தாழ 1.618 வரும். கணித நூலார் இதற்கு வைத்த பெயர் 'பொன் விகிதம்'. தாள் ஒட்டுமுன்னரே விண்மீனில் பொன் சேர்ந்துவிட்டது என்று நான் வகுப்பில் சொல்வதுண்டு. பெரிய பிள்ளைகள் மட்டும் சிரிப்பார்கள்.

இனி ஐந்து சிம்புகளை எடுத்து, ஒன்றன் முனை மற்றொன்றன் முனையைத் தொடுமாறு விண்மீன் வடிவில் அடுக்குங்கள். ஒவ்வொரு சிம்பும் ஒரு வெட்டில் மேலாகவும் அடுத்த வெட்டில் கீழாகவும் போக வேண்டும். பாய் முடைவதுபோல. இப்படிப் பின்னினால் ஆணியில்லாமலே உறுதி பிறக்கும். நீங்கள் இட்ட கோடுகளின் மேலேயே சிம்புகள் வெட்டிக்கொண்டால் அளவு சரி. தவறினால் ஒரு முனை நீண்டு ஒரு முனை குறுகி, விண்மீன் நொண்டும். முனைகளைச் சணல் நூலால் இறுகக் கட்டுங்கள். எஞ்சிய ஐந்து சிம்புகளால் இன்னொரு விண்மீன். பிறகு இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஐந்து முனைகளை மட்டும் கட்டி, நடுவில் வெட்டுமிடங்கள் ஐந்திலும் 4 அங்குலக் குச்சிகளை நிறுத்தித் தள்ளுங்கள். தட்டையாயிருந்தது வயிறு பருத்து எழும். பிலிப்பீன் நாட்டினர் 'பரோல்' என்னும் தம் கிறிஸ்துமஸ் விளக்கை மூங்கிலால் இவ்வாறே கட்டுகின்றனர். தடிஞ்ஜூட் திருநாளில் விளக்குக் கூடுகளைப் பார்த்து வளர்ந்த யாங்கோன் பிள்ளைகளுக்கு இவ்வேலை கைவரப் பெறுவது கடினமன்று.

மின்னும் தாள் எதற்கு?

இங்குதான் பாடத்தின் உயிர்நிலை இருக்கின்றது. வெள்ளித்தாள் அழகுக்கு மட்டும் என்று பலர் எண்ணுகின்றனர். மின்விளக்கு வருமுன் இவ்வணிகளைப் படைத்தோர் அவ்வாறு எண்ணவில்லை. ஒரு மெழுகுவத்தி தரும் ஒளி மிகச் சிறிது. அதைப் பற்றிப் பலவாக்கி வீசுவதற்கே மரத்தில் உலோகம் தொங்கவிட்டனர். 2021க்குப் பின் யாங்கோனில் மின்சாரம் நாளில் சில மணி நேரமே வருவதும் போவதுமாய் இருப்பதை நீங்கள் அறிவீர்கள். அடுக்குமாடி முழுதும் இருண்டிருக்கும் இரவில், மின்கலத்தால் எரியும் ஒரு சிறு விளக்கைக் கொண்டு ஒரு விண்மீனை ஒளிரச் செய்ய வேண்டுமாயின், அந்தப் பழைய அறிவு நமக்கு மீண்டும் வேண்டும்.

சமையலுக்குப் பயன்படும் அலுமினியத் தாள், தன்மேல் விழும் ஒளியில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் திருப்பியனுப்பும். மழமழப்பாக ஒட்டினால் ஒரே திசையில் அனுப்பும். கையில் கசக்கி, மீண்டும் விரித்து ஒட்டினால் நூறு திசைகளில் சிதறும். ஆகவே விண்மீனின் பின்புறத்தில், உட்பக்கமாகப் பார்க்கும்படி, கசக்கி விரித்த வெள்ளித்தாளை ஒட்டுங்கள். முன்புறத்தில் மெல்லிய வண்ணத்தாள் அல்லது கண்ணாடித்தாள். நடுவில் சிறு மின்கல விளக்கு. வேறுபாட்டை நீங்களே காண்பீர்கள்: வெள்ளித்தாள் இல்லாத விண்மீனில் நடுவில் மட்டும் ஒரு புள்ளி எரியும்; இதிலோ முனைகள் வரை வெளிச்சம் ஓடும்.

மெழுகுவத்தியை உள்ளே வைக்கலாமா என்று கேட்கக் கூடாது. தாளும் மூங்கிலும் நெருப்புக்கு உணவு. மின்சாரம் வரும் வேளையில் தொடர்விளக்கு மாட்டுவோர்க்கும் ஓர் எச்சரிக்கை: வெள்ளித்தாளும் ஜிகினாச் சரமும் உலோகமாதலால் மின்சாரத்தைக் கடத்தும். உறை உரிந்த கம்பியில் அவை பட்டால் தொட்டவர் உயிருக்கே கேடு. இரண்டையும் ஒன்றாகச் சுற்றாதீர்கள்.

ஐரோப்பாவில் இக்கலை வளர்ந்த வகையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகின்றேன். செர்மானிய நாட்டில், மெய்யான வெள்ளியை மயிரிழைபோல் சீவி மரத்தில் தொங்கவிடும் வழக்கம் முதலில் இருந்தது. வெள்ளி மெழுகுவத்திப் புகையிலும் காற்றிலும் கறுத்துவிடும், விலையும் மிகுதி. எனவே ஈயமும் வெள்ளீயமும் அதன் இடத்தைப் பிடித்தன. துரிங்கியா மலைநாட்டில் லௌசா என்னும் கண்ணாடித் தொழிலூர் உண்டு. அங்கு 1847ஆம் ஆண்டளவில் கண்ணாடி உருண்டைகளை மரத்துக்கென ஊதிச் செய்யத் தொடங்கினர். பின்னர் அவற்றின் உட்புறத்தில் வெள்ளி உப்புக் கரைசலை ஊற்றிக் குலுக்கி, முகம் பார்க்கும் கண்ணாடிபோல் மின்னச் செய்தனர். இன்று கடையில் வாங்கும் நெகிழி உருண்டைகளுக்கெல்லாம் அதுவே தாய். ஈயச் சரம் குழந்தைகளின் உடலுக்கு நஞ்சாகும் என்பது தெளிவான பின், 1972இல் அமெரிக்காவில் அதனை விலக்கினர். உங்கள் பாட்டன் காலத்துப் பெட்டியில் கனமாக, வளைத்தால் வளைந்தே நிற்கும் பழைய சரம் இருந்தால், அதைக் கையாளாதீர்கள். தம்பி தங்கையர் வாயில் வைக்கும் பொருளன்று அது.

பொன்னின் நாட்டில் பொன் வேலை

ஷ்வே என்றால் மியன்மா மொழியில் பொன். ஷ்வேடகோன் அடிவாரத்தில் பிறந்து வளர்ந்த நமக்குப் பொன் ரேக்கு புதிதன்று. மண்டலேயில் பொன் தட்டுவோரின் வேலையைக் கண்டவர் மறவார். பொற்றுண்டுகளை மூங்கிலால் செய்த தாள்களினிடையே அடுக்கி, தோலுறையில் பொதிந்து, கல்லின்மேல் வைத்துப் பெருஞ் சம்மட்டியால் மணிக்கணக்கில் அடிப்பர். நேரம் பார்க்கக் கடிகாரமில்லை. துளையிட்ட தேங்காய்ச் சிரட்டையை நீரில் மிதக்கவிடுவர்; அது நிறைந்து அமிழ்வதே கணக்கு. அந்த மூங்கில் தாளைச் செய்வதற்கு மூங்கிலை ஆண்டுக்கணக்கில் ஊறவைப்பர். அடித்து முடிந்த ரேக்கு மயிரிழையின் பருமனில் நூற்றிலொரு பங்கும் இராது. மூச்சுப் பட்டால் பறக்கும்.

பகானில் அரக்குப் பாத்திரங்களின்மேல் ரேக்கு ஒட்டும் முறை இன்னும் நுட்பமானது. அதற்கு 'ஷ்வேசவா' என்று பெயர். கறுப்பு அரக்கின்மேல், பொன் வேண்டாத இடங்களையெல்லாம் அரிதாரமும் பிசினும் கலந்த மஞ்சள் மையால் வரைந்து மூடுவர். பின் முழுவதும் ரேக்கு ஒட்டி, நீரால் கழுவுவர். பிசின் கரைந்து அவ்விடத்துப் பொன்னும் போய்விடும். எஞ்சிய பொன் ஓவியமாய் நிற்கும். வரைவது பொன்னை அன்று, பொன் இல்லாமையை. இதைப் பார்த்து வியக்கலாம்; நாம் செய்ய வேண்டா. அரக்குப் பால் தோலில் பட்டால் சிலருக்குக் கொப்புளம் கிளம்பும்.

பொன் ரேக்குச் சிறு கட்டுகளைப் பகோடா வாயிற் கடைகளில் வாங்கி விளையாட்டு வேலைக்குப் பயன்படுத்தவும் வேண்டா. அவை அண்டை வீட்டாரின் வழிபாட்டுப் பொருள். நமக்கு அலுமினியத் தாள் போதும். பொன்னிறம் வேண்டுமா? அதன்மேல் மஞ்சள் கண்ணாடித்தாளை இறுக ஒட்டுங்கள். பொன்னாகவே தோன்றும். இதில் ஏமாற்று ஒன்றுமில்லை. வெள்ளீயத் தகட்டின்மேல் மஞ்சள் மெருகெண்ணெய் பூசிப் பொன்னாகக் காட்டும் வழக்கம் இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் மிகப் பழையது. ஒளியிலுள்ள நீலப் பகுதியைத் தான் விழுங்கிவிட்டு மற்றதைத் திருப்புவதாலேயே பொன் மஞ்சளாயிருக்கின்றது. மஞ்சள் கண்ணாடித்தாள் செய்வதும் அதே வேலைதான்.

தஞ்சை முறையில் ஒரு தொங்கணி

நம் முன்னோரின் தஞ்சாவூர் ஓவியத்தில், சுண்ணத் தூளும் பசையும் குழைத்து மேடு எழுப்பி, அம்மேட்டின்மேல் பொன் ரேக்கு ஒட்டுவர். மேடு இருப்பதால் ஒளி ஒவ்வொரு கோணத்திலும் ஒவ்வொரு விதமாய் விழும். அதை எளிதாக்கி நாம் செய்யலாம்.

பிஸ்கட்டுப் பெட்டி அட்டையில் உள்ளங்கையளவு வட்டமோ மணியோ வெட்டுங்கள். அதன்மேல் கரிக்கோலால் ஒரு மாங்காய் வடிவமோ தாமரையோ விண்மீனோ வரைந்து, கோட்டின் மேலேயே சணல் நூலை வெள்ளைக் கோந்தால் ஒட்டி உலர விடுங்கள். அவசரப்படுவோர் இங்கேதான் கெடுப்பார்கள். ஓர் இரவு காத்திருங்கள். மறுநாள் முழுவதும் கோந்து தடவி, அட்டையைவிட அரை அங்குலம் பெரிதான அலுமினியத் தாளைப் போர்த்துங்கள். நடுவிலிருந்து ஓரத்துக்கு விரல் நுனியால் மெல்ல அழுத்துங்கள். நூலின் இரு மருங்கிலும் மழுங்கிய தீக்குச்சி முனையால் வருடினால் கோலம் எழுந்து நிற்கும். ஓரத்தைப் பின்னால் மடித்து ஒட்டுங்கள். கடைசியில் கறுப்புக் காலணி மெருகைத் துணியில் சிறிதளவு தொட்டுத் தேய்த்து, உடனே துடைத்துவிடுங்கள். பள்ளத்தில் கறுப்புத் தங்கும், மேட்டில் வெள்ளி மின்னும். நூறாண்டுப் பழைமை ஐந்தே நிமிடத்தில் வந்துவிடும்.

தகட்டில் தமிழ் எழுத்து

சகாயிங் அருகே யுவாதாவுங் என்னும் ஊர் வெள்ளி வேலைக்குப் பெயர் பெற்றது. 2025 மார்ச் 28ஆம் நாள் நேர்ந்த நிலநடுக்கம் மண்டலே, சகாயிங் வட்டாரங்களைப் பெரிதும் சிதைத்ததை நாம் அறிவோம். தகட்டைப் பின்புறமிருந்து தட்டி முன்புறத்தில் உருவம் எழுப்பும் அக்கலையை, சம்மட்டியும் உளியும் இல்லாமல் நாமும் சிறிது பழகலாம். கடையில் உணவு கட்டித்தரும் அலுமினியத் தட்டின் அடிப்பாகத்தைப் பெரியவர் ஒருவர் வெட்டித் தரட்டும். ஓரம் விரலைக் கிழிக்கும். ஆதலால் அதைச் சுற்றிலும் மடித்துவிட வேண்டும். பால் தகரத்தின் மூடியை மட்டும் எடுக்க வேண்டா, அது கத்தியேதான். மடித்த செய்தித்தாளின்மேல் தகட்டை வைத்து, மை தீர்ந்த பேனாவால் அழுத்தி எழுதுங்கள். மறுபக்கம் எழுத்து புடைத்து நிற்கும்.

ஆனால் எழுத்து இடவலம் மாறி நிற்கும்! 2023இல் ஒரு மாணவி 'பாட்டி' என்று அழகாக எழுதித் திருப்பினாள். 'ப' மட்டும் ஏறக்குறைய நேராக இருந்தது. மற்றதெல்லாம் முகம் திருப்பிக்கொண்டன. அழவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பாட்டியின் கட்டிலருகே, நிலைக்கண்ணாடிக்கு எதிராகத் தொங்கவிட்டாளாம். கண்ணாடியில் பார்த்துப் பாட்டி சரியாகப் படித்தாராம். அந்த மாணவி இன்று வெளிநாட்டில் இருக்கின்றாள். தகடு இங்கே பாட்டியிடம் இருக்கின்றது.

நீங்கள் தவறாமல் எழுத ஒரு வழி: மெல்லிய தாளில் கறுப்பு மையால் எழுதி, அத்தாளைத் திருப்பித் தகட்டின்மேல் வைத்து, பின்புறம் தெரியும் கோட்டின் வழியே அழுத்துங்கள். கண்ணாடித் தமிழை ஒருமுறை எழுதிப் பார்த்தால், 'க'வின் வளைவு எப்பக்கம் திரும்புகின்றது, 'ட'வின் மூலை எங்கே நிற்கின்றது என்பதை இனி ஒருநாளும் மறக்க மாட்டீர்கள். எழுத்துப் பயிற்சிக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

பொருள் வாங்க வேண்டுவோர் சூரத்தி பஜார் என்று முதியோர் சொல்லும் தெய்ன்ஜி சந்தைக்குச் செல்லலாம். ஜிகினா, சம்கி, சரிகை நாடா எல்லாம் கிடைக்கும். ஆயினும் முதலில் வீட்டைத் தேடுங்கள். பழைய புடவைச் சரிகையை ஒரு விரலளவு கத்தரித்துத் தொங்கணியின் காதாக மாட்டினால் அதற்கு ஈடில்லை. அம்மாவைக் கேட்டுவிட்டுக் கத்தரிக்கவும்.

பயிற்சி

வீட்டிலுள்ள முதியோரிடம் ஜரிகை, ரேக்கு, தகடு, காக்காய்ப்பொன், ஜிகினா, சம்கி ஆகிய சொற்கள் எவ்வெவற்றைக் குறிக்கும் எனக் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியம் எழுதி வருக. அவர்கள் சிறுவயதில் யாங்கோனிலோ வேறு ஊரிலோ கண்ட கிறிஸ்துமஸ் விண்மீன் எதனால் செய்யப்பட்டது என்பதையும் கேட்டு எழுதுக. திசம்பர் முதல் ஞாயிறன்று 19 அங்குலச் சிம்புகள் பத்தும் 4 அங்குலக் குச்சிகள் ஐந்தும் ஒவ்வொருவரும் கொண்டு வர வேண்டும். சணல் நூலும் கோந்தும் பள்ளியில் தரப்படும். விண்மீனைக் கோடிடும்போது அளவைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே போடுங்கள்: ஏழுக்கு அரைக்கால் குறை, நடுவிலே நாலேகால்.